பேப்பரைப் பாருங்கோ

டான்டினாங்கில் நாங்கள் குடிவந்த இரண்டாம் நாள், தலையில் ஷாம்பு நுரை பொங்க நான் நிற்கும்போது குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். பக்கத்து யூனிட் வாசலில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. செடிக்குப் பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் போர்த்திவிட்டிருந்தார்கள். கறிவேப்பிலைக்குக் குளிரும் என்று கவலைப்படுகிறவர் நம்ம ஆளாகத்தான் இருக்க வேண்டும். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

கதவு ஒரு சாண் திறந்தது. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் எட்டிப் பார்த்தார்.

"உங்க வீட்ல தண்ணி வருதாங்க?"

உள்ளே போனார். பிளாஸ்டிக் உறைகள் கோத்த தடித்த பைல் ஒன்றோடு திரும்பி வந்தார். அதிலிருந்து வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, கையெழுத்து இருக்கும் இடத்தில் விரலை வைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"முதல் பேப்பரைப் பாருங்கோ."

எனக்கு வந்ததே கோபம்! கண்ணுக்குள் ஷாம்பு இறங்கி எரிகிறது, இவர் பத்திரம் காட்டுகிறார்.

"பேப்பரெல்லாம் வேணாம்க்கா. தண்ணி வருதான்னு மட்டும் சொல்லுங்க."

என் தலையை நன்றாகப் பார்த்தார். "ஓம், வருகுது. வாங்கோ உள்ளுக்கு" என்றார். சமையலறையை அவர் குசினி என்பார். அந்தக் குசினித் தொட்டியில் குனியவைத்து, வெந்நீர் கலந்து, என் தலையை அவரே அலசிவிட்டார். வீட்டு ஏஜெண்ட் ஆள் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தாராம். தலையில் துண்டு கட்டிய ஏஜெண்டை எந்த ஊரில் பார்த்தாரோ!

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாலும் எனக்குப் போன் வரும். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படி இல்லை, திருத்துங்கோ என்பார். எங்கள் ஆறு யூனிட்டுக்கும் அவர் அக்கா. எதிர் யூனிட் வியட்நாம் தாத்தாகூட "அக்கா, அக்கா" என்றுதான் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வருவார். அது பெயர் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் சிட்னிக்கு மாறி, குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு வாங்கி ஆறு வருடம் ஆகிறது. இங்கே பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது.

அக்கா முதியோர் இல்லம் ஒன்றில் துணி துவைக்கும் பிரிவில் வேலை பார்த்தார். வேலைக்குப் போனாலும் கடைக்குப் போனாலும், தெருமுனையில் பால் வாங்கப் போனாலும், தோளில் பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய ரெக்சின் பை தொங்கும். அதற்குள் அந்த பைல். பிறப்புச் சான்றிதழ், விசாக் கடிதங்கள், வங்கிக் கடிதம், கரண்ட் பில், ஆங்கில வகுப்புக்குப் போன சான்று, பல் டாக்டர் கொடுத்த சீட்டு. விசாவுக்காக எடுத்த மார்பு எக்ஸ்ரே பைக்குள் அடங்காது. அதன் உறை எப்போதும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மழை வந்தால் குடையை முதலில் பைக்குப் பிடிப்பார், மிச்சம் இருந்தால் தனக்கு.

ரயிலில் டிக்கெட் பரிசோதகர் அடுத்த பெட்டியில் ஏறினாலே போதும், அக்கா எழுந்து நின்றுவிடுவார். ஒருநாள் நானும் கூட இருந்தேன். பரிசோதகர் கேட்டது பயண அட்டையை. பதற்றத்தில் அக்கா உருவிக் கொடுத்தது எக்ஸ்ரே. அந்த மனிதர் அதை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அரை நிமிடம் கவனமாகப் பார்த்துவிட்டு, நுரையீரல் அருமையாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பெட்டியே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. பயண அட்டையைத் தேடி எடுத்து, அதையும் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

இத்தனைக்கும் அவர் ஊமை இல்லை. என்னோடு பேச ஆரம்பித்தால், எந்தக் கடையில் விளமீன் நல்லது என்பதில் தொடங்கி ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் போவார். அந்த வாயெல்லாம் அதிகாரிகள் முன்னால் எங்கே போகும் என்றுதான் தெரியாது. சீருடை, டை, கழுத்தில் தொங்கும் அட்டை, இதில் எது ஒன்றைப் பார்த்தாலும் உதடு ஒட்டிக்கொள்ளும், கை பைலுக்குப் போகும். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறவள். வேலை முடிந்து அடையாள அட்டையோடு நேராக அவர் வீட்டுக்குப் போனால் தலையை மட்டும் ஆட்டுவார். அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டதும், "இண்டைக்கு என்ன சமையல் தங்கச்சி?" என்று ஆரம்பிப்பார். முதலில் எனக்கு இது விளையாட்டு என்றுதான் தோன்றியது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "ஏன்க்கா, வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார். "எங்கட ஊரில, சோதனைச் சாவடியில கதைச்ச ஆக்களை பஸ்ஸால இறக்கினவை. பேப்பர் காட்டின ஆக்கள் திரும்பி ஏறினவை. அவ்வளவுதான் தங்கச்சி."

அதற்கு மேல் நான் என்ன கேட்பது? துருவின தேங்காயில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். கையில் ஒரு அடி கொடுத்தார்.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், அடைக்கலம் தேடிப் படகில் வந்தவர். இங்கே இருக்க அனுமதி கேட்டு அவர் போட்ட விண்ணப்பம் ஒருமுறை தள்ளுபடியாகியிருந்தது. காரணம் வேறு யாரும் இல்லை, அவரேதான். இரண்டு மணி நேர நேர்காணலில் வாயே திறக்காமல் பைலை மட்டும் மேசையின் மேல் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார். இப்போது மேல்முறையீடு. அவருக்காகப் பணம் வாங்காமல் வாதாட ஒரு வெள்ளைக்கார வக்கீல் அம்மா கிடைத்திருந்தார். அவர் வந்து என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பைலைப் புரட்டிப் பார்த்தார். என் ஆபீசில்கூட இவ்வளவு ஒழுங்காகக் காகிதம் வைத்திருப்பவர் இல்லை என்றார். நான் மொழிபெயர்த்ததும் அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அடுத்து வக்கீல் அம்மா சொன்னதை மொழிபெயர்க்கத்தான் எனக்கு நாக்கு எழவில்லை. நடந்ததை அக்கா தன் வாயால் சொல்ல வேண்டும். காகிதம் போதாது. இந்த முறையும் சொல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

"சொல்லுவன்" என்றார் அக்கா. எங்கே சொல்கிறார்?

நாங்கள் வீட்டிலேயே ஒத்திகை பார்த்தோம். என் கணவர் டை கட்டி, என் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, மேசைக்கு அந்தப் பக்கம் விறைப்பாக உட்கார்ந்தார். முதல் தடவை அவரைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இரண்டாம் தடவை என் கணவர் கொஞ்சம் கடுமையாக, "நீங்க ஏன் நாட்டை விட்டு வந்தீங்க?" என்றார். அக்கா பைலைத் திறந்து எக்ஸ்ரேயைக் கொடுத்தார். மூன்றாம் தடவை எழுந்து போய் என் வீட்டுப் பாத்திரமெல்லாம் கழுவ ஆரம்பித்துவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. விசாரணை வரும் புதன்கிழமை.

அதற்கு முந்தின சனிக்கிழமை நாங்கள் பல்லாரட் போவதாக இருந்தது. அந்தக் காலத்தில் தங்கம் தோண்டிய ஊரை அப்படியே கட்டி எழுப்பி வைத்திருக்கும் அருங்காட்சியகம் ஒன்று அங்கே இருக்கிறது. மூன்றாவது படிக்கும் என் மகள் மதிக்குப் பள்ளியில் தங்க வேட்டைதான் பாடம். அக்காவை வீட்டில் தனியாக விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

"அடையாள அட்டை கேப்பினமோ?" என்றார்.

"டிக்கெட் மட்டும்தான்க்கா. பையை வீட்லயே வச்சிட்டு வாங்க."

"ஓமோம்" என்றவர் சனிக்கிழமை காலையில் பையோடுதான் காரில் ஏறினார். மடியில் ஒரு பெரிய டப்பா நிறையப் புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, முட்டைப் பொரியல். நான் கட்டியிருந்த புளியோதரையைப் பார்த்து, "உந்தச் சோத்தையும் கொண்டு வாங்கோ, பரவாயில்லை" என்றார். பெருந்தன்மை!

உள்ளே நுழைந்ததும் மண் தெரு. குதிரை வண்டி, கொல்லன் பட்டறை, மர வீடுகள். தொப்பியும் நீளப் பாவாடையுமாகப் பழைய காலத்து ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். "தே ஆர் ஜஸ்ட் ஆக்டிங், அன்ரி" என்று மதி விளக்கினாள். அக்கா சுற்றும் முற்றும் பார்த்தார். ஒருத்தர் கழுத்திலும் அட்டை இல்லை. வாய்ப்பூட்டு கழன்றுவிட்டது. கொல்லரிடம் லாடம் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார். மெழுகுவர்த்தி செய்கிற பெண்ணின் பாவாடையைத் தொட்டுப் பார்த்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறதா, எப்படி உட்காருவீர்கள் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விசாரித்தார். மிட்டாய்க் கடையில் சுடச்சுடச் செய்து கொடுத்த சிவப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு, "வடிவான இடம் தங்கச்சி, என்னை ஏன் முதலே கூட்டிக்கொண்டு வரேல்லை?" என்று என்னையே குற்றம் சொன்னார். ஆறு மாதமாக அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

சரிவின் கீழே ஒரு ஓடை. ஆளுக்கொரு தட்டு கொடுத்து, மண்ணை அள்ளி அலசித் தங்கம் தேடச் சொல்கிறார்கள். கற்றுக்கொடுக்க ஒரு தாடிக்காரர் நின்றார். அவர் செய்து காட்டிய முதல் சுற்றிலேயே நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அட, இது அரிசி அரிக்கிறதுதானே! கல் நீக்க அரிசியைத் தண்ணீரில் ஆட்டி ஆட்டி, மேலே வருவதைச் சரித்துவிட்டு, அடியில் தங்கும் கல்லைப் பிடிப்பது. நான் அதை விட்டு வெகுநாளாகிறது, இங்கே கல் இருக்கிற அரிசி ஏது? அக்காவின் கை மறக்கவில்லை. முட்டி மடித்து உட்கார்ந்து, தட்டை இடமும் வலமும் ஆட்டி, சட்டென்று ஒரு சரிப்பு. என் கணவர் தட்டில் ஓடையின் பாதித் தண்ணீரும் முழங்கால்வரை சேறும்தான் மிச்சம். அக்காவின் தட்டில் பத்து நிமிடத்தில் மூன்று பொட்டு மின்னியது.

தாடிக்காரர் வாயைப் பிளந்தார். எங்கே பழகினீர்கள் என்றார். "ரைஸ்" என்றார் அக்கா. அதற்கு மேல் விளக்கவில்லை. மூன்று பொட்டையும் சின்னக் குப்பியில் போட்டு அவர் கொடுத்தும் அக்கா நகரவில்லை. கையை நீட்டியபடியே நின்றார்.

"என்னக்கா வேணும்?"

"ரசீது கேளுங்கோ."

"எதுக்குக்கா ரசீது? நீங்களே எடுத்தது."

"நாளைக்கு ஆரும் உந்தத் தங்கம் எங்கால வந்தது எண்டு கேட்டால்?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும் அளவு தங்கத்துக்கு ரசீது! என் கணவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தாடிக்காரர் நல்ல மனிதர். ஒரு காகிதப் பையைக் கிழித்து, மூன்று பொட்டு, இந்த அம்மா தானே அலசிக் கண்டெடுத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அக்கா அதை மடிக்காமல் ஒரு புது உறையில் செருகினார். காலி உறைகளும் எப்போதும் கைவசம் வைத்திருப்பார்.

அப்போதுதான் மேட்டிலிருந்து ஒரு கூச்சல். நீலக் கோட்டு, பித்தளைப் பொத்தான், இடுப்பில் நீளக் கத்தி என்று அந்தக் காலத்துப் போலீஸ்காரர் வேடத்தில் ஒரு இளைஞர் இறங்கி வந்தார். லைசன்ஸ், லைசன்ஸ் என்று கத்திக்கொண்டே வந்தார். அந்த நாளில் தங்கம் தோண்டுகிற ஒவ்வொருவரும் லைசன்ஸ் காகிதம் வைத்திருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பிடித்துக்கொண்டுபோய் மரக்கட்டையோடு சங்கிலியில் கட்டுவார்களாம். மதி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒரு அப்பாவை அவர் மடக்கினார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து அவர் விரல் அக்காவின் பக்கம் நீண்டது. "யூ தேர், மேடம்! யுவர் லைசன்ஸ்!"

அக்காவின் முகத்தில் ரத்தம் இல்லை.

"அக்கா, இது சும்மா நாடகம்க்கா. வாங்க போலாம்" என்று கையைப் பிடித்தேன். நான் சொன்னது காதில் விழவே இல்லை. பையைத் திறந்தார், பைலை எடுத்தார், இரண்டு கையாலும் நீட்டினார்.

அந்த இளைஞருக்கு ஒரே குஷி. இந்த அம்மாவும் சேர்ந்து நடிக்கிறார் என்று நினைத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஒவ்வொரு உறையாகப் புரட்டி, ஊருக்கே கேட்கும்படி வாசித்தார். கரண்ட் பில், இது லைசன்ஸ் இல்லை! பல் டாக்டர் சீட்டு, இது லைசன்ஸ் இல்லை! எக்ஸ்ரேயைச் சூரியனுக்கு நேரே பிடித்து, இது யாருடைய எலும்பு, தோண்டி எடுத்தீர்களா என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு கணம் நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசி உறை. அதில் ஒரு பழைய அடையாள அட்டை. அரும்பு மீசையோடு ஒரு பையனின் படம்.

ஆஹா, யார் இந்த ஆள், எங்கே ஒளிந்திருக்கிறான் என்று முழங்கினார் போலீஸ்காரர்.

"ஒளியவில்லை" என்றார் அக்கா.

ஆங்கிலத்தில்தான் சொன்னார். நான் தமிழில் போடுகிறேன். துண்டுதுண்டாகத்தான் இருந்தது, அப்படியே போடுகிறேன்.

"அவன் ஒளியவில்லை. அவன் என் தம்பி. நாங்கள் பஸ்ஸில். உங்களைப் போல ஒருவர் ஏறினார். அட்டை கேட்டார். தம்பி கொடுத்தான். அட்டை சரி. படம் சரி. எல்லாம் சரி. அட்டையை என் கையில் கொடுத்தார். தம்பியை இறக்கினார். பஸ்ஸைப் போகச் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. பஸ் போய்விட்டது."

போலீஸ்காரர் பைலை மூடப்போனார். அக்கா அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"இல்லை. நீங்கள் கேட்டீர்கள். கேளுங்கள்."

கேட்டார். நாங்கள் எல்லாரும் கேட்டோம். தம்பியைத் தேடி எந்தெந்த முகாம் வாசலில் நின்றார், தேடியதற்காகவே வீட்டுக்கு யார் யார் வந்து கதவைத் தட்டினார்கள், எந்த இரவில் வீட்டை விட்டு ஓடினார், படகில் எத்தனை நாள், ஒன்றுவிடாமல் சொன்னார். மூன்று மாதமாக வக்கீல் அம்மா கெஞ்சிக் கேட்டது அத்தனையும், ஓடைக்கரையில், வேடம் போட்ட ஒரு போலீஸ்காரரிடம் வந்து விழுந்தது. எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவர் வயதில் உள்ள யாழ்ப்பாணத்துப் பெண்கள் வாய்க்கு வாய் எல்லாப் பையன்களையும் தம்பி, தம்பி என்பார்கள். அக்கா என் கணவரை "மதியின்ர அப்பா" என்பார், கடைப் பையனை "கடைக்காரர்" என்பார். யாரையும் அவர் தம்பி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

சொல்லி முடித்ததும் அந்த இளைஞர் தொப்பியைக் கழற்றிவிட்டார். கண் சிவந்திருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா, நான் போலீஸ் இல்லை, இது வெறும் நடிப்பு என்றார்.

"தெரியும்" என்றார் அக்கா. "நீங்கள் நடிப்பு. நான் நடிப்பு இல்லை." கொஞ்சம் மூச்சு வாங்கினார். கையை நீட்டினார். "இப்போது லைசன்ஸ் தாருங்கள்."

கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். என் கணவர்தான் எல்லாரையும்விட ஓங்கித் தட்டினார். வந்தவர்களுக்கு ஞாபகமாகக் கொடுப்பதற்கென்று அச்சடித்த லைசன்ஸ் காகிதம் அந்த இளைஞரிடம் இருந்தது. பெயர் கேட்டு எழுதினார். அக்கா எட்டிப் பார்த்து, எழுத்துப் பிழை என்றார். வேறு தாளில் எழுதினார். அதிலும் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. மூன்றாவது தாளில்தான் அக்காவுக்குத் திருப்தி. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நின்றேன். "ஏன் அம்மா க்ரை பண்றீங்க? அன்ரிதானே வின் பண்ணாங்க!" என்றாள் மதி.

மத்தியானம் மரத்தடி பெஞ்சில் புட்டு டப்பாவைத் திறந்தோம். அந்த இளைஞர் தன் இடைவேளையில் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார், அக்கா சரியாக இருக்கிறாரா என்று பார்க்க. வந்தவரை அக்கா விடவில்லை. தட்டில் புட்டும் குழம்பும் வைத்து, "இடுப்பில கத்தியைக் கட்டிக்கொண்டோ சாப்பிடுறது? கழட்டி வைச்சிட்டு இருங்கோ, தம்பி" என்றார். தமிழிலேயே சொன்னார். அவருக்கு என்ன புரிந்ததோ, கத்தியைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு விரலால் பிசைந்து சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். என் புளியோதரையை யாரும் தொடவில்லை.

புதன்கிழமை நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். சின்ன அறை. கண்ணாடி போட்ட, அமைதியான ஒரு மனிதர், டை கட்டி, கழுத்தில் அட்டையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். முதலில் ஆவணங்களைப் பார்த்துவிடலாமா என்று விசாரணை செய்பவர் கேட்டார். அக்கா பையின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"தருவன் ஐயா" என்றார். "முதல் நான் கதைக்கிறன். தம்பியில இருந்து தொடங்கிறன்."

மூன்று மணி நேரம். நடுவில் மொழிபெயர்க்கிற பெண்தான், "அம்மா, கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க, என்னால முடியலை" என்று தண்ணீர் கேட்டார். வெளியே வந்து லிப்டுக்குக் காத்திருக்கும்போது, நம்பினார்களா என்று தெரியாமல் நான் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன். அக்கா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் எங்கே நல்ல தோசை கிடைக்கும் என்று கேட்டார்.

ஐந்து மாதம் கழித்து முடிவு வந்தது. வக்கீல் அம்மா போனிலேயே அழுதுகொண்டு சொன்னார். அக்கா இங்கேயே இருக்கலாம். தீர்ப்பு இருபது பக்கத்துக்கு மேல். அக்கா அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, முழுவதும் வாசித்துச் சொல்லச் சொன்னார். நான் கடைசிப் பக்கத்துக்குத்தான் அவசரப்பட்டேன். அனுமதி அங்கேதானே இருக்கிறது! அக்கா விடவில்லை. முதலிலிருந்து வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒன்பதாம் பக்கத்தில், தம்பியின் முழுப் பெயரைப் போட்டு ஒரு வரி இருந்தது.

"இன்னாரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன்."

"திருப்பி வாசியுங்கோ" என்றார் அக்கா.

வாசித்தேன்.

"இன்னொருக்கா. வடிவா வாசியுங்கோ."

அந்தப் பைலில் எத்தனையோ நாட்டு முத்திரை குத்திய எத்தனையோ காகிதம் இருந்தது. தம்பியைக் கொண்டுபோனார்கள் என்று சொல்கிற காகிதம் ஒன்றுகூட அதுவரை இல்லை. ஐந்தாம் தடவை வாசிக்கத் தாளை எடுத்தேன். அக்கா தாளைத் தன் பக்கம் திருப்பி, வரிக்குக் கீழே விரலை வைத்து, எழுத்துக்கூட்டி, ஆங்கிலத்திலேயே சத்தமாக வாசித்தார்.